தொண்டைமானாற்றில் இருந்து பென்றித் வரை

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



சங்கத்தார் எங்களிடம் கேட்டது ஒரு வைத்திய உரை. நீரிழிவு, மாதவிடாய் நிற்கும் காலம், முழங்கால் நோ, இவற்றில் ஏதாவது ஒன்றைப் பேசுங்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் முன்வரிசையில் நிறைய இருப்பார்கள் என்றார்கள். உண்மைதான், இருக்கிறீர்கள். ஆனால் நாங்கள் வள்ளம் ஓட்டும் போட்டி ஒன்றைப் பற்றிக் கதைக்கப்போகிறோம். முழங்காலைப் பற்றித் தேத்தண்ணி குடிக்கும்போது தனியாகக் கேளுங்கள்.

'நாங்கள்' என்பது மேடை மரியாதைக்காகச் சொல்லும் சொல் அல்ல. உயர்தர வகுப்பில் ஒரே வாங்கில் இருந்த நாலுபேர் இப்போது சிட்னியின் மேற்குப் பக்கத்தில், ஒருவர் வீட்டில் இருந்து மற்றவர் வீட்டுக்குக் கறி கொடுத்துவிடக்கூடிய தூரத்தில் இருக்கிறோம். ஒருவர் வைத்தியர். ஒருவர் கணக்காளர். ஒருவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். மற்றவர் மூன்று பிள்ளைகளையும் படுக்கையில் இருக்கும் மாமியையும் பார்க்கிறார். நாலு பேரிலும் கூட வேலை செய்பவர் அவர்தான். இந்த உரையை நாலுபேரும் குசினி மேசையில் இருந்து எழுதினோம். ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்க மட்டும் ஒருவரை அனுப்பியிருக்கிறார்கள். மற்ற மூவரும் பின்வரிசையில் இருந்து, எழுதியபடி வாசிக்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

2025 ஆம் ஆண்டு சரஸ்வதி பூசைக் கிழமை. அங்கே பாடசாலை விடுமுறை. பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போகவேண்டும். எங்கள் வீடுகளில் இருந்து அரைமணி நேர ஓட்டத்தில் பென்றித் என்று ஓர் இடம். அங்கே அந்தக் கிழமை கனூ, கயாக் ஸ்லாலம் உலகச் சாம்பியன்ஷிப் போட்டி நடந்தது. அது என்ன போட்டி என்று எங்களுக்கும் தெரியாது. பிள்ளைகள் கேட்டார்கள், போனோம். தயிர்ச்சாதமும் கடலையும் கட்டிக்கொண்டு போனோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த ஆறு உண்மையில் ஆறே அல்ல. 2000 ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்குக்காகக் கட்டிய 320 மீற்றர் நீளமான சீமெந்து வாய்க்கால். மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் ஐந்தரை மீற்றர் உயர வித்தியாசம். கீழே உள்ள குளத்துத் தண்ணீரைப் பெரிய பம்பிகள் மேலே ஏற்றிவிட, அது கற்களும் தடைகளும் வைத்த வாய்க்காலால் நுரைத்துக்கொண்டு ஓடிவந்து திரும்பவும் அதே குளத்தில் விழுகிறது. பம்பியை நிற்பாட்டினால் ஆறும் நின்றுவிடும். கீழே வந்து சேர்ந்த வள்ளக்காரர் இறங்கத் தேவையில்லை. வள்ளத்தில் இருந்தபடியே ஒரு நகரும் பட்டி அவர்களை மேலே கொண்டுபோய் விடுகிறது. எங்கள் பிள்ளைகளுக்குப் போட்டியைவிட அந்தப் பட்டியில்தான் ஆசை.

வெட்டிய ஆறு என்றதும் எங்களுக்கு ஊர் ஞாபகம் வந்தது. தொண்டைமானாறும் வெட்டிய ஆறுதானே. சோழர் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் உப்பு ஏற்றுவதற்காக வெட்டுவித்தான் என்று எங்கள் ஆச்சிமார் சொல்லுவார்கள். உயர்தரம் படித்த தங்கைமாருக்குத் தொண்டைமானாறு என்றால் வெளிக்கள நிலைய வினாத்தாள்தான் முதலில் ஞாபகம் வரும். அந்த நடுக்கத்தை இன்று இங்கே கிளப்பவேண்டாம். நாங்கள் சொல்வது சந்நிதி முருகனின் காலடியில் கிடக்கும் தண்ணீரை. வெயில் காலத்தில் கண்ணாடிபோல அசையாமல் கிடக்கும். மாரியில் வடமராட்சியிலும் வலிகாமத்திலும் பெய்யும் மழையெல்லாம் ஏரியில் சேர்ந்து அதன் வழியாகக் கடலுக்கு ஓடும். உப்புத் தண்ணீர் உள்ளே வராமலும், நல்ல தண்ணீர் வீணே போகாமலும் இருப்பதற்கென்று குறுக்கே கதவுகள் வைத்த தடுப்பணை. ஏரி நிரம்பினால் கதவு திறப்பார்கள். கதவு திறந்தால் ஊரே பார்க்கப் போகும்.

போட்டிக்கு வருவோம். தண்ணீருக்கு மேலே கயிறு கட்டி, அதிலிருந்து இரண்டு இரண்டு தடிகளாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒவ்வொரு சோடித் தடியும் ஒரு படலை. ஆகக் குறைந்தது 18, ஆகக் கூடியது 25 படலைகள். பச்சையும் வெள்ளையும் என்றால் ஓட்டத்தோடு கீழே போகும்போது கடக்கவேண்டும். சிவப்பும் வெள்ளையும் என்றால் கீழே போய்த் திரும்பி, ஓட்டத்துக்கு எதிராக மேல்நோக்கி வந்து கடக்கவேண்டும். தடியில் உடம்போ துடுப்போ வள்ளமோ பட்டால் 2 செக்கன் தண்டனை. படலையைத் தவறவிட்டால் 50 செக்கன். முழு ஓட்டமும் ஒன்றரை நிமிடம் அளவில் முடிந்துவிடும் என்பதால் 50 செக்கன் என்றால் அன்றைய நாள் முடிந்தது என்று பொருள். கயாக் என்றால் இருந்துகொண்டு இரண்டு பக்க அலகுள்ள துடுப்பால் வலிப்பது. கனூ என்றால் முழந்தாளிட்டு ஒற்றை அலகுத் துடுப்பால் வலிப்பது. முழங்கால் நோவுள்ளவர்கள் கனூப் பக்கம் போகவேண்டாம். இன்றைய வைத்திய ஆலோசனை இவ்வளவுதான்.

இந்த விளையாட்டுத் தொடங்கியது 1933 இல், சுவிற்சர்லாந்தின் ஹால்வில் ஏரியில். பனிச்சறுக்கில் கொடிகளுக்கு இடையே வளைந்து வளைந்து இறங்குவதைப் பார்த்து, அதையே தண்ணீரிலும் செய்தால் என்ன என்று தொடங்கியிருக்கிறார்கள். முதல் போட்டி நடந்தது ஓடாத தண்ணீரில். பிறகுதான் பாயும் ஆறுகளுக்குக் கொண்டுபோனார்கள். 1949 இல் ஜெனீவாவில் முதல் உலகச் சாம்பியன்ஷிப். 1972 இல் மியூனிக் ஒலிம்பிக்கில் சேர்ந்தது. பிறகு இருபது வருடம் காணாமல் போய் 1992 பார்சிலோனாவில் திரும்பி வந்தது. எங்களுக்குப் பக்கத்தில் என்று பார்த்தால், கேரளத்தில் கோழிக்கோட்டுக்குக் கிழக்கே மலையில் இருந்து இறங்கும் சாலிப்புழையிலும் இருவஞ்ஞிப்புழையிலும் மழைக்காலத்தில் பன்னாட்டுக் கயாக் போட்டி நடக்கிறது. எங்களிடம் மலையில்லை, அதனால் அந்த வேகமும் இல்லை. ஆனால் முதல் போட்டி அசையாத தண்ணீரில்தான் நடந்தது என்று அறிந்தபோது கணக்காளர் தோழி கேட்டா: "அப்ப பங்குனியில எங்கட ஆத்தில பனஞ்சிலாகையைக் கட்டித் தொங்கவிட்டாலும் காணுமே?" காணும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தோம்.

அதற்கு முதல் அந்தப் பெண்களைப் பற்றிக் கொஞ்சம். உலகச் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் தனியாகக் கனூ ஓட்டும் போட்டியைச் சேர்த்தது 2010 இல். 1949 இல் இருந்து எண்ணினால் 61 வருடம். ஒலிம்பிக்கில் சேர்த்தது ரோக்கியோவில், 2021 இல் நடந்த 2020 ஒலிம்பிக். அதுவரை பெண்களுக்குக் கயாக் மட்டும்தான். அந்த ரோக்கியோவில் ஜெசிகா பொக்ஸ் என்ற அவுஸ்திரேலியப் பெண் கயாக் இறுதிப் போட்டியில் எல்லோரையும்விட வேகமாக ஓடிவந்தார். ஆனால் இரண்டு தடிகளில் முட்டிவிட்டார். நாலு செக்கன் கூடியது. 106.73 செக்கன், மூன்றாம் இடம். முதலாவதாக வந்த ஜேர்மனியப் பெண்ணின் நேரம் 105.50. இரண்டு நாள் கழித்து, பெண்களுக்கு முதல் முதலாக வைத்த கனூப் போட்டியில் ஒரு தடியையும் தொடாமல் வந்து தங்கம் எடுத்தார். 2024 பாரிசில் இரண்டிலும் தங்கம். அவருடைய தாய் மிரியம் 1996 அற்லாண்டா ஒலிம்பிக்கில் பிரான்சுக்காகக் கயாக்கில் வெண்கலம் பெற்றவர். அந்தத் தாய்தான் மகளுக்குப் பயிற்றுநர். தங்கை நோமியும் பாரிசில் புதிதாகச் சேர்த்த கயாக் குறொஸ் போட்டியில் தங்கம் எடுத்தார்.

எங்களுக்குப் பிடித்தவர் இன்னொருவர். ரோக்கியோவில் இரண்டாவதாக வந்த ஸ்பெயின்காரி மயலென் சொறூத். 2012 இலண்டனில் வெண்கலம். 2013 இல் பிள்ளை பெற்றார். 2016 றியோவில் தங்கம். ரோக்கியோவில் வெள்ளி எடுக்கும்போது வயது 38. பிள்ளை பிறந்தால் உடம்பு முடிந்தது என்று எங்களிடம் சொல்லும் நோயாளிகளுக்கு, குறிப்பாக மருமகளுக்காக அதைச் சொல்லும் மாமிமாருக்கு, நாங்கள் இவருடைய கதையைச் சொல்லுவோம்.

சரி. பென்றித்தில் கரையோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு வயதானவர், மஞ்சள் அங்கி போட்ட தொண்டர், எங்கள் பிள்ளைகளுக்குத் தண்ணீரை எப்படிப் பார்ப்பது என்று சொல்லிக்கொடுத்தார். "கல்லுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே தண்ணீர் கீழே போகவில்லை, மேலே திரும்பி வருகிறது. வள்ளக்காரர் அதில் ஏறி நின்று இளைப்பாறுவார்கள், அதைப் பிடித்துத்தான் சிவப்புப் படலைக்குள் போவார்கள்." பிறகு ஒரு சிறிய விழுச்சியைக் காட்டினார். "இதன் அடியில் வெள்ளை நுரை நிற்கிறதே, அது முன்னால் ஓடவில்லை. மேலே வந்து, பின்னால் மடங்கி, திரும்பவும் அடிக்குள் போகிறது. அதில் அகப்பட்டால் மேலே வரப் பார்ப்பவனை அது திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும். எதிர்த்து நீந்தினால் களைத்துவிடுவான். பக்கவாட்டாகப் போகவேண்டும். ஆற்றின் குறுக்கே கட்டிய பதிந்த அணைகளின் கீழேதான் இது ஆக மோசம், கரைக்குக் கரை இருக்கும், பார்க்க ஒன்றும் தெரியாது."

முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் எங்கள் தோழி புல்லில் இருந்துவிட்டா. மற்ற மூவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் தேவையிருக்கவில்லை.

நாங்கள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது எங்களோடு படித்த ஒருத்தியை ஆறு கொண்டுபோனது. பெயரை இங்கே சொல்லவில்லை, அவளுடைய குடும்பத்தார் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். எங்கள் வகுப்பார் அறிவீர்கள். அந்தக் காலம் கடற்கரைக்குப் போக முடியாத காலம். கடல் வீட்டுக்குப் பின்னால் இரையும், ஆனால் பிள்ளைகள் அதைத் தொட முடியாது. ஆகவே தண்ணீர் பார்ப்பதென்றால் ஆறு. நல்ல மழை பெய்து ஓய்ந்த ஒருநாள் கதவு திறந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பதினொரு பெண் பிள்ளைகள் போனோம். அவளுடைய செருப்பு ஒன்று வழுகித் தண்ணீரில் விழுந்தது. தைப்பொங்கலுக்கு வாங்கின செருப்பு, வீட்டில் பேச்சு விழும். எட்டி எடுக்கப் போனாள்.

அவள் கத்தவில்லை. இதை நாங்கள் வைத்தியராகச் சொல்கிறோம்: தண்ணீரில் மூழ்குபவர் பெரும்பாலும் கத்துவதில்லை. வாய் தண்ணீருக்கு மேலே வரும் ஒன்றிரண்டு செக்கனில் மூச்செடுக்கத்தான் நேரம் இருக்கும், சத்தம் போட இருக்காது. கையைத் தூக்கி ஆட்டவும் முடியாது. கைகள் தன்பாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். அன்று பதின்மூன்று வயதில் எங்களுக்கு அது தெரியாது. இரண்டு தூண்களுக்கு நடுவில் அவள் தலை தெரிந்தது, மறைந்தது, திரும்பத் தெரிந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்தோம். ஒருத்தி சிரித்தோம் என்றுகூடச் சொல்லவேண்டும். கரையில் நின்ற பத்துப் பேருக்கும் நீந்தத் தெரியாது. வீச்சுவலையோடு நின்ற ஒரு ஐயா ஓடிவந்து குதித்தார். அவர் அவளைக் கொண்டுவந்தபோது நேரம் போய்விட்டது. கூடியவர்கள் அவளைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றினார்கள். வயிற்றை அமுக்கினார்கள். எல்லோரும் தங்களுக்குத் தெரிந்ததை, அழுதுகொண்டுதான் செய்தார்கள்.

மூன்று நாள் கழித்து இடாப்புக் கூப்பிடும்போது ரீச்சர் பழக்கத்தில் அவளுடைய பெயரையும் கூப்பிட்டுவிட்டார். அந்த வகுப்பறை இப்போது கணினி அறையாக இருக்கிறது. நேற்றுப் போய்ப் பார்த்தோம்.

அந்தச் சாவுக்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்தது நீச்சல் அல்ல, கட்டளை. ஆற்றுப்பக்கம் போகாதே. கிணற்றுக் கட்டில் இராதே. கடலில் முழங்காலுக்கு மேலே இறங்காதே. அந்தக் கட்டளையைத் தந்தவர்களை நாங்கள் குற்றம் சொல்ல வரவில்லை. செல்லுக்கும் குண்டுக்கும் பங்கருக்கும் நடுவில் பிள்ளைகளைக் காத்தவர்கள் அவர்கள். ஆனால் அவளுடைய அண்ணாமார் அதற்கு அடுத்த வருடமே நீந்தப் பழகினார்கள். யாரும் அவர்களைத் தடுக்கவில்லை.

இது எந்த ஊர் என்று பாருங்கள். பாக்குநீரிணையை முதன்முதலில் நீந்திக் கடந்தவர் தொண்டைமானாற்றுப் பிள்ளை, மு. நவரத்தினசாமி. 1954 இல், வல்வெட்டித்துறையில் இறங்கிக் கோடியக்கரையில் ஏற 27 மணித்தியாலம். 1966 இல் மிகிர் சென் அதைக் கடந்து உலகப் புகழ் பெறுவதற்குப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பே. வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971 இல் போகவும் வரவுமாக 51 மணித்தியாலத்தில் நீந்தினார். 1984 இல் ஆங்கிலக் கால்வாயை நீந்தும் முயற்சியில் உயிரை விட்டார். அதே வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் எங்கள் மாலுமிகளோடு 1938 இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வாங்கிய வெள்ளைக்காரர் தன் மனைவியின் பெயரை அதற்கு வைத்தார்: புளோறன்ஸ் சி. றொபின்சன். முதலில் அம்மனின் பெயர், பிறகு ஒரு பெண்ணின் பெயர். ஓட்டிப் போனவர்கள் எல்லோரும் ஆண்கள். எங்கள் கொள்ளுப்பாட்டிமார் கரையில் நின்று பார்த்திருப்பார்கள். நாங்களும் அதே கரையில் நின்றோம். அந்தக் கரையில் இருந்து பிள்ளைகளை இறக்கவேண்டும் என்பதுதான் எங்கள் வழக்கு.

2004 மார்கழி 26 ஐ இந்த மண்டபத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அப்போது மருத்துவபீட மாணவிகளாக இருந்த நாங்கள் வடமராட்சி கிழக்கில் இருந்து கொண்டுவரப்பட்டவர்களைப் பார்த்தோம். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். சேலை சுற்றியிருந்தது, தலைமயிர் கம்பியில் சிக்கியிருந்தது, கையில் பிள்ளை இருந்தது. சுனாமிக்கு நீச்சல் மருந்தல்ல, அது எங்களுக்குத் தெரியும். ஆனால் இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இந்தோனேசியாவிலும் பல இடங்களில் ஆண்களைவிடப் பெண்கள் கூட இறந்தார்கள் என்று பின்னர் கணக்கெடுத்தபோது, அதற்குச் சொன்ன காரணங்களில் நீந்தத் தெரியாமையும் ஒன்று. 2021 இல் மட்டும் உலகத்தில் மூன்று இலட்சம் பேர் அளவில் மூழ்கி இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அதில் கால்வாசி ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள். பாடசாலைப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சலும், தண்ணீரில் கவனமாய் இருக்கும் முறையும், தன் உயிரைப் பணயம் வைக்காமல் மற்றவரை மீட்கும் முறையும் பழக்கவேண்டும் என்பது அந்த நிறுவனத்தின் பரிந்துரை.

மீட்கும் முறை என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள், தங்கைமாருக்காக. மூழ்குபவரைக் கண்டால் குதிக்காதீர்கள். நீந்தத் தெரிந்தாலும் குதிக்காதீர்கள், அவர் உங்களையும் பிடித்து அமுக்குவார். தடி, கயிறு, சேலை, துவாய், எது கிடைத்தாலும் நீட்டுங்கள். வெறும் பிளாஸ்ரிக் கானை மூடிவிட்டு எறியுங்கள், அது ஒரு ஆளைத் தாங்கும். பென்றித்தில் உலகத்தின் ஆகத் திறமான வள்ளக்காரருக்கே கரை முழுவதும் கயிற்றுப் பையோடு ஆட்கள் நின்றார்கள். அவர்கள் எல்லோரும் தலைக்கவசமும் உயிர்காப்பு அங்கியும் போட்டிருந்தார்கள்; போடாமல் போட்டியில் இறங்கவே முடியாது. எங்கள் தொழிலாளர் அண்ணாமார் அங்கி போடுவதை வெட்கம் என்று நினைக்கிறார்கள். கரைக்குக் கொண்டுவந்த பிறகு தலைகீழாகத் தூக்கவேண்டாம், சுற்றவேண்டாம், வயிற்றை அமுக்கவேண்டாம். அதனால் வயிற்றில் இருப்பது சுவாசப்பைக்குள் போகும், நேரமும் போகும். மல்லாக்கப் படுக்கவைத்து, மூச்சு இல்லையென்றால் மூக்கைப் பொத்தி வாய்க்குள் ஐந்து தடவை ஊதுங்கள், பிறகு நெஞ்சின் நடுவில் அமுக்கத் தொடங்குங்கள். மூழ்கியவருக்கு முதலில் வேண்டியது காற்று. அன்று எங்களில் யாருக்காவது இது தெரிந்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்று நாங்கள் சொல்லவில்லை. தெரியாது. நாலுபேரும் பலமுறை கதைத்தும் அதற்கு விடை வரவில்லை.

இனிச் சொல்லப்போவதை மேடையில் சொல்வது முறையா என்று நாங்கள் ஒரு கிழமை வாக்குவாதப்பட்டோம். நூற்றாண்டு நினைவாக வாசலில் வளைவு ஒன்று கட்டுவதாக யோசனை இருக்கிறது. வரைபடத்தையும் பார்த்தோம், வடிவாக இருக்கிறது. எங்கள் பிரிவு மூன்று நாடுகளில் இருந்து சேர்த்த பணம் எங்கள் கையில் இருக்கிறது. அதை வளைவுக்குத் தர எங்களுக்கு மனம் வரவில்லை. வளைவு வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை, அக்காமார் பலர் அதற்காக எவ்வளவு ஓடித் திரிகிறார்கள் என்பதையும் அறிவோம். எங்கள் பங்கை மட்டும் ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் நீச்சலுக்குத் தருகிறோம்.

ஏன் ஆறாம், ஏழாம் வகுப்பு? காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். பெரியபிள்ளையான பிறகு கேட்டால் வீடுகளில் விடமாட்டார்கள். பத்தாம் வகுப்பில் கேட்டால் ரியூசன் என்பார்கள். கடலோரத்தில் ஆழிக்குமரன் ஆனந்தனின் பெயரில் நீச்சல் தடாகம் இருக்கிறது. பொறுப்பானவர்களோடு கதைத்துப் பெண் பிள்ளைகளுக்கென்று காலை நேரம் ஒன்று ஒழுங்குசெய்தால் காணும். பழக்குபவர் பெண்ணாக இருக்கவேண்டும் என்று தாய்மார் கேட்டார்கள், நியாயம், அப்படியே தேடியிருக்கிறோம். முழுக்கைச் சட்டையும் கணுக்கால் வரை காற்சட்டையும் போட்டு நீந்தலாம். மாதவிடாய் நாட்களில் நீந்தலாமா என்று கேட்டார்கள். நீந்தலாம், உடம்புக்கு ஒரு கெடுதியும் இல்லை, அந்தப் பிள்ளைக்கு விருப்பமில்லை என்றால் கரையில் இருக்கட்டும். கறுத்துப்போவார்கள் என்று ஒரு தாய் சொன்னா. எட்டு மணிக்கு முதல் வெளியே வந்துவிடுவார்கள் அம்மா என்றோம். கறுத்தால்தான் என்ன என்று பின்னால் இருந்த அம்மம்மா ஒருவர் கேட்டார். நாங்கள் அதைச் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார்.

வெளிநாட்டில் இருக்கும் தோழியருக்கு ஒன்று. நாங்கள் எல்லோரும் பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். கரை வாங்கில் துவாயை மடியில் வைத்துக்கொண்டு, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு, வருடக்கணக்காக இருக்கிறோம். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் அப்படித்தான் என்று சொல்கிறார்கள். எங்கள் நாலுபேரில் இருவர் நாற்பத்தோராம் வயதில்தான் தண்ணீருக்குள் இறங்கினோம். முதல் நாள் மூன்றடித் தண்ணீரில், நாலு வயதுப் பிள்ளைகள் பக்கத்தில் குதிக்க, கம்பியைப் பிடித்தபடி நின்றோம். முகத்தை உள்ளே வைத்ததும் அந்த இரண்டு தூண்கள்தான் கண்ணில் வந்தன. ஆறு மாதம் எடுத்தது, ஒரு நீளம் நீந்த.

மற்ற இருவரும் இன்னும் பழகவில்லை. நாளை மறுநாள் காலையில் முதல் வகுப்பு. பன்னிரண்டு பிள்ளைகளின் பெற்றோர் கையெழுத்து வைத்துத் தந்திருக்கிறார்கள். பதின்மூன்றாவதாகக் கணக்காளர் தோழி தன் பெயரைக் கொடுத்திருக்கிறா. அவவுக்கு முகத்தைத் தண்ணீருக்குள் வைக்க இன்னும் பயம். வேறு அக்காமார் யாரும் வர விரும்பினால் வரலாம், வயதெல்லை இல்லை. வான் ஐந்தே முக்காலுக்குச் சந்நிதி கோயில் முன்னால் நிற்கும். துவாய் கொண்டு வாருங்கள்.